அந்தக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு

குழாய் கெட்டால் குழாயை மாற்றுகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. நல்லவர்கள், போகட்டும். தாமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி, சொட்டிக்கொண்டிருந்ததைக் கொட்ட வைத்துவிட்டு, தலையைத் துவட்டியபடியே ஆள் தேடி ஓடுகிறவர்களைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் எழுதலாம். ஆனால் இங்கே உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகும் இனம் வேறு. குழாய் கெட்டால் இவர் குழாயை மாற்றமாட்டார். மனிதர்களை மாற்றுவார்.

குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறதா? கீழே ஒரு வாளி வை. வாளி நிரம்பி வழிகிறதா? பெரிய வாளி வை. இடப்பக்கம் திறக்க வேண்டியது வலப்பக்கம் திறக்கிறதா? நல்லது, இனிமேல் இந்த வீட்டில் எல்லோரும் வலப்பக்கமே திறக்கட்டும். "அது அப்படித்தான்" என்பார். "அதுக்கு ஒரு குணம் இருக்கு. தெரிஞ்சு நடந்துக்கிட்டா ஒரு தொந்தரவும் இல்லை." கட்டிய மனைவிக்கும் ஒரு குணம் இருக்கலாம், அதையும் தெரிந்து நடந்துகொள்ளலாம் என்று ஒரு நாளும் யோசித்திராத மனிதர், குளியலறைக் குழாயின் கோபதாபங்களை விரல்நுனியில் வைத்திருப்பார்.

இந்த இனம் எங்கும் வளரும் என்றாலும், செழித்து வளர்வது கிராமத்துப் பழைய வீடுகளில்தான். காரணம் எளிது. அந்த வீடுகளைக் கட்டியபோது குழாய் என்ற ஒன்றே கிடையாது. கிணறு இருந்தது, வாளி இருந்தது, இழுக்க ஆள் இருந்தார்கள். பிறகு மோட்டார் வந்தது. மோட்டாருக்காக மாடியில் தொட்டி வந்தது. தொட்டிக்காகச் சுவரைத் துளைத்து இரும்புக் குழாய் வந்தது. இரும்புக் குழாய் துருப்பிடித்து அதன் மேல் பிளாஸ்டிக் குழாய் வந்தது. அப்பா காலத்துக் குழாய் ஒன்று, மகன் காலத்துக் குழாய் ஒன்று, எந்தக் காலம் என்றே தெரியாத குழாய் ஒன்று. எது எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று வீட்டுக்கும் தெரியாது, குழாய்க்கும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில்தான் நம் ஆள் பிறந்தார், அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

அவருக்கு வேலை மரக்கடையில். ஒரு பலகை நூல் அளவு வளைந்திருந்தாலும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துத் தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்தால் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார். சட்டைப் பையில் எந்நேரமும் சைக்கிள் டியூப்பில் வெட்டிய வாஷர்கள் கிடக்கும் என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் அவருக்கு 'வாஷர் மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் முதலில் செய்வது, உட்காரச் சொல்வது அல்ல. குளியலறைக்கு அழைத்துப்போவது. "வாங்க, காட்டிடறேன். அப்புறம் கஷ்டப்படக் கூடாது பாருங்க." காலையில் முதல் தண்ணீர் சிவப்பாக வரும், பயப்படக் கூடாது, இரும்புச்சத்து. குழாயை நேராகத் திருகக் கூடாது. கொஞ்சம் மேலே தூக்கி, சுவர்ப்பக்கம் சாய்த்து, அப்புறம் பலங்கொண்ட மட்டும் திருக வேண்டும். உள்ளே ஊளைச் சத்தம் கேட்டால் காற்று அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கொல்லைப்பக்கம் கயிற்றில் மரச்சுத்தி தொங்குகிறது, குழாய் வளைகிற இடத்தில் ஓங்கி ஒன்று வைத்தால் வாயைத் திறந்துவிடும். ஃப்ளஷ் தொட்டியின் பிடியை அழுத்தக் கூடாது. கெஞ்சிக் கேட்கிற மாதிரி மெல்லப் பிடித்து, அது மனசு வைக்கும்வரை பொறுத்து, சட்டென்று விட வேண்டும். குளித்த தண்ணீர் போகாமல் கணுக்கால்வரை நின்றால் நிற்கட்டும். வெளியே மரத்தின் வேர் சாக்கடைக் குழாய்க்குள் போயிருக்கிறது, மரமும் குடிக்க வேண்டாமா? கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொல்லையில் கம்பி சுற்றிக் கட்டியிருக்கும் ஒரு வால்வைக் காட்டுவார். "இதை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டா வீடே போயிடும்."

விருந்தாளி இதற்குள் எதற்காகக் குளியலறைக்கு வர நினைத்தாரோ அதை மறந்திருப்பார்.

எல்லா விதிகளுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஒரே ஒரு குழாயில் வந்து, பாதி சமையலறைக்கும் பாதி குளியலறைக்கும் பிரிகிறது. உள்ளே சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து, அந்தக் குழாயின் தொண்டை ஒரு பென்சில் நுழைகிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. சமையலறையில் திறந்தால் குளியலறையில் நின்றுவிடும். ஆகவே குளிக்கப் போகிறவர், கதவைச் சாத்துவதற்கு முன்னால், வீடு முழுக்கக் கேட்கும்படி "குளிக்கப் போறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். சமையலறையிலிருந்து "சரி" என்று பதில் வர வேண்டும். அவர்கள் மகள் பேசக் கற்றுக்கொண்டபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி சொன்னது அதைத்தான்.

அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, நகரத்துக்குப் போய்விட்டாள். கல்யாணமான கையோடு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தபோது நடந்ததைத்தான் அவள் அம்மாவால் இன்னமும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை நல்ல பையன், அளவுக்கு மீறிக் கூச்சம். மாமனாரின் பாடத்தை முழுவதும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தூக்கிச் சாய்த்துத் திருகுவதுகூட முடிந்துவிட்டது. ஆனால் புதிதாக வந்த இடத்தில், மாமியார் காதில் விழும்படி "குளிக்கப் போறேன்" என்று எப்படிக் கத்துவது? கத்தவில்லை. சத்தம் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் தலை முதல் கால் வரை சோப்பைப் பூசிக்கொண்ட நேரம் பார்த்து மாமியார் பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறந்தாள். அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் நின்றது. வெளியே பாத்திரம் நிறைய இருந்தது. கூப்பிட்டுச் சொல்லவும் கூச்சம். சோப்புக் காய்ந்து தோல் இழுக்க இழுக்க அந்தப் பிள்ளை உள்ளே நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் துண்டால் துடைத்துக்கொண்டு, காதோரம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்க, சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தது. மறுநாளே ஆபீசில் ஏதோ அவசரம் என்று கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆபீசில் ஏதோ ஓர் அவசரம் வந்துகொண்டே இருந்தது.

குழாயைத் திறந்தது அவள் கை. அது அவளுக்கு மறக்கவில்லை.

இப்போது பேத்தி பிறந்திருந்தாள். மருமகனுக்கு நீண்ட விடுமுறை. விடுமுறை முழுவதும் பிள்ளையோடு வந்து இருங்கள் என்று அம்மா ஃபோனில் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். மகள், "ஒரு ராத்திரி இருந்துட்டுக் கிளம்பறோம்மா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கைக்குழந்தை, அடிக்கடி குளிப்பாட்டணும், துணி அலசணும் என்று இழுத்தாள். குழாய் என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை.

சாப்பிடும்போது அதை அவரிடம் சொன்னாள். மகள் வருகிறாள் என்பதில் அவர் முகம் மலர்ந்தது உண்மை. ஒரு ராத்திரிதான் என்றபோது வாடியதும் உண்மை. ஆனால் காரணம் குழாய்தான் என்று அவள் சொன்னதும் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல. குழந்தைக்குச் சின்னதுலயே பழக்கிட்டா சரியாப் போயிடும்" என்றார்.

அவள் மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். வாரத்தில் ஒரு நாள் அவர் மரம் எடுக்க ரம்பப் பட்டறைக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். இந்த வாரம் அந்த நாள், மகள் வருவதற்கு முதல் நாள். காலையில் அவருடைய செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் பிளம்பருக்கு ஃபோன் போட்டாள்.

பிளம்பர் தம் மைத்துனரோடு வந்தார். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். உலகத்துப் பிளம்பர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சடங்கு உண்டே, தெரியுமில்லையா? வேலையைத் தொடங்குவதற்கு முன், இதற்கு முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டித் தீர்க்க வேண்டும். இவர் கொல்லைக் குழாயின் முன் உட்கார்ந்து, ஒரு மூட்டின் மேல் சுற்றியிருந்ததை உரிக்க ஆரம்பித்தார். மேலே நைலான் கயிறு. அதற்குள் சைக்கிள் டியூப். அதற்குள் கல்லாய்க் காய்ந்த ஏதோ பசை. அதற்குள் மறுபடியும் டியூப். எல்லாவற்றுக்கும் உள்ளே நீலத் துணி.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

அவள் அந்த நீலத் துணியைப் பார்த்தாள். மகளுடைய பள்ளிக்கூடப் பாவாடை. அது எங்கே போயிற்று என்று ஒரு காலத்தில் பீரோ முழுவதும் தேடியிருக்கிறாள்.

"அது ஒரு ஆள்" என்றாள். "ரொம்ப நாளைக்கு முன்னாடி."

"மறுபடி அந்த ஆளைப் பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அதன் பிறகு அந்த ஆள் அன்று முழுவதும் அடி வாங்கினார். படுக்கையறைச் சுவரின் ஈரத்தை மறைக்கக் காலண்டர் மாட்டியிருந்ததற்கு ஒரு திட்டு. ஈரம் வளர வளரப் பெரிய காலண்டராக வாங்கி மாட்டியது தெரிந்ததும் இன்னொரு திட்டு. கம்பி கட்டிய வால்வு துருவில் இறுகிச் செத்தே பல காலம் ஆகிவிட்டது, தொட்டிருந்தாலும் அது அசைந்திருக்காது என்று தெரிந்தபோது பிளம்பருக்குத் திட்டக்கூட வார்த்தை வரவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் அதற்குப் பயந்து, துணி காயப்போடும்போதுகூட அந்தப் பக்கம் ஒதுங்கியே நடந்திருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் துருப்பிடித்த குழாய் கழன்று கொல்லையில் கிடந்தது. சுவரோரமாக வெள்ளை வெளேரென்று புதுக் குழாய், சமையலறைக்குத் தனி, குளியலறைக்குத் தனி. மைத்துனர் சாக்கடையைத் தோண்டி, சடை சடையாக ஒரு வேர்க்கற்றையை இழுத்துப் போட்டார். ஃப்ளஷ் தொட்டி கெஞ்சாமலே கேட்டது. குளியலறையில் பிளாஸ்டிக்கில் புது மாதிரிக் குழாய். ஒரு விரலால் கால் திருப்புத் திருப்பினால் போதும். கொல்லையில் செத்த வால்வு இருந்த இடத்தில் சிவப்புப் பிடியோடு புது வால்வு. "ஏதாவது ஆச்சுன்னா பதறாதீங்க. இதைத் திருப்பிடுங்க, மொத்தமும் நின்னுடும்" என்று அவள் கையாலேயே திருப்பிப் பார்க்கச் சொன்னார். அவள் திருப்பினாள். நின்றது. வீடு போய்விடவில்லை.

இனி இதை அவரிடம் சொல்ல வேண்டுமே. சண்டை போடுவதென்றால் வயிறு நிறைந்த ஆளோடுதான் போட வேண்டும் என்பது அவள் அனுபவம். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அவர் மரத்தூளோடும் களைப்போடும் கொல்லை வழியாக வந்தார். இருட்டுகிற நேரம். புதுக் குழாய் சுவர் நெடுகப் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. பழகிய வீட்டை யார் கண்ணால் பார்க்கிறார்கள்? கை பார்த்துக்கொள்கிறது. "குளிக்கப் போறேன்" என்று குரல் கொடுத்தார். "சரி" என்று அவளும் பதில் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அதற்குள் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், வாளியை நிரப்பக் குழாயை மேலே தூக்கி, சுவர்ப்பக்கம் சாய்த்து, பலங்கொண்ட மட்டும் திருகி முடித்திருந்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடித்துத் திரும்பி அவர் முகத்தில் விழுந்தது. அந்த வீட்டில் அவர் பிறந்ததிலிருந்து அவ்வளவு தண்ணீரை ஒருசேரப் பார்த்ததில்லை. கையில் உடைந்த குழாயைப் பிடித்தபடி, அவர் போட்ட கூப்பாடு இதுதான்:

"இங்க வா, என்னமோ ஆயிடுச்சு. தண்ணி வருது."

அவள் கொல்லைக்கு ஓடிச் சிவப்புப் பிடியைத் திருப்பினாள். எல்லாம் நின்றது. திரும்பி வந்தபோது அவர் சொட்டச் சொட்ட நின்று, கையிலிருந்த பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால் காலையிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசம், வெற்றிப் புன்னகை பூத்தார். பழைய குழாய் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கையோடு வந்ததுண்டா என்று கேட்டார். பிறகு மெல்லச் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு துண்டு டியூப், கொஞ்சம் கயிறு இருந்தால் போதும், விடிவதற்குள் சரி செய்துவிடலாம்.

அவள் குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"நாளைக்கு என் பேத்தி வர்றா. ஒரே ஒரு ராத்திரி இருப்பேன்னு சொல்லியிருக்கா உங்க பொண்ணு. அது ஏன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பையிலேருந்து வெளியே வர்ற எதுவும் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது."

அவர் கையை வெளியே எடுத்தார். வெறுங்கையாக.

பிளம்பருக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி. "அவர் குளிச்சுக்கிட்டு இருக்காரும்மா" என்றாள் அந்த அம்மாள் தணிந்த குரலில். "நான் இங்க குழாயைத் திறந்துடாமப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். திறந்தா அவருக்கு நின்னுடும். வந்ததும் சொல்றேன்." அவள் ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில், பஸ் வருவதற்கு முன்பே பிளம்பர் வந்துவிட்டார். உடைந்த இடத்தைப் பார்த்ததும் சடங்கு தொடங்கியது. "இது மாட்டுக்கொம்பை முறிக்கிற மாதிரியில்ல முறிச்சிருக்கு. யாரும்மா இது?" வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் நின்று வானத்தில் மேகம் ஏதும் உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நேத்து விசாரிச்சீங்களே, அதே ஆள்தான்" என்றாள் அவள். "ராத்திரி வந்துட்டுப் போனார்."

பஸ் வந்தது. மகள் வந்தாள், மருமகன் வந்தார், துணிச்சுருளுக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு பேத்தி வந்தாள். மருமகனின் பையில் பெரிய தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. குடிக்க அல்ல என்று பார்த்தவுடன் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. மருமகன் குளிக்கப் போனார், கக்கத்தில் ஒரு பாட்டிலோடு. அவள் சமையலறையில் குழாய்ப் பக்கமே போகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் சீட்டி அடிக்கும் சத்தம். பாட்டில் திறக்கப்படாமல் வெளியே வந்தது. மகள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, "என்னம்மா இது, நம்ம வீடுதானா?" என்றாள். ஒரு ராத்திரி என்ற பேச்சை எடுக்கவில்லை. இருக்கிறோம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மரச்சுத்தியைக் கயிற்றிலிருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி மாட்டினார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், மருமகனின் தோளைத் தொட்டு எழுப்பிக் குளியலறை வாசலுக்கு அழைத்துப்போனார். சமையலறையில் அவளுக்குக் கை ஓடவில்லை. காதை அந்தப் பக்கம் வைத்தாள்.

"மாப்பிள்ளை, இதைக் கவனிச்சீங்களா? ஒரு விரல்தான் வைக்கணும். மெதுவா. அவசரப்பட்டோம், கையோட வந்துடும். இதுக்கு ஒரு குணம் இருக்கு."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முடிந்தது. இப்போது அந்தப் பிள்ளை ஆபீஸ் அவசரத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் மருமகன் குரல் கேட்டது. கூச்சமெல்லாம் போன குரல்.

"எங்க வீட்டு கீசரும் அப்படித்தான் மாமா. ஸ்விட்ச் நிக்காது. ஒரு ஸ்பூனைக் குறுக்கே செருகி வச்சிருக்கேன். எந்த ஸ்பூன்னாலும் ஒத்துக்காது, அதுக்குன்னு ஒரு ஸ்பூன் இருக்கு."

வீட்டுக்காரர், உடன்பிறப்பைக் கூட்டத்தில் கண்டெடுத்தவர் போல, "என்ன ஸ்பூன்?" என்று கேட்டார். பேச்சு நீண்டது. கீசரிலிருந்து ஜன்னல் கொக்கிக்கும், கொக்கியிலிருந்து ஃபிரிட்ஜ் கதவுக்கும் போனது. சட்டைப் பையிலிருந்து வாஷர் வெளியே வந்து கை மாறியது. மதியம் இருவருமாக மரச்சுத்தியோடு எங்கோ கிளம்பிவிட்டார்கள்.

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். "அந்த ஸ்பூனாலதான் எனக்கு அங்கே தினமும் காலையில சண்டைம்மா" என்றாள். பிறகு, "லீவு முடியறவரைக்கும் இங்கேயே இருந்துடறோம். இங்கயாவது நிம்மதியாக் குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்துமுன் பழக்கம் விடவில்லை.

"குளிக்கப் போறேன்."

சமையலறையில் இப்போது தனிக் குழாய். திறந்தாலும் ஒன்றும் ஆகாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பாத்திரத்தைக் கீழே வைத்தாள், குழாயிலிருந்து கையை எடுத்தாள், "சரி" என்றாள். மகள் வெளியே வரும்வரை அப்படியே காத்திருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அப்படித்தானே? வாசல் கதவைச் சாத்தும்போது முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளுகிறீர்களே, அது கணக்கில் வராது. மின்விசிறி சுற்ற ஆரம்பிக்க ஒரு குச்சி வைத்திருப்பதும் பழுது ஆகாது. வந்தவர்களிடம் "அந்த நாற்காலி வேண்டாம், இதுல உட்காருங்க" என்று சொல்வது வெறும் உபசாரம்தான். இதையெல்லாம் நீங்கள் மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தால், குனிந்து மேசைக்காலைப் பாருங்கள். அடியில் நாலாக மடித்த அட்டை ஒன்று இருக்கிறதா? இருக்கட்டும். எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஆடும். அது அப்படித்தான்.